ஆள் இருக்கும் பெயர்

எங்கள் மலைக் கிராமமான தான்ரியுவில் ஞாயிறு ஆராதனை முடிந்து சேப்பலை விட்டு வெளியே வரும் கூட்டத்தைப் பார்த்து "எலீனெட்!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு தொப்பி திரும்பும். எங்கள் அம்மாக்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கொடுத்திருந்தால் பாதிக் கூட்டம் திரும்பியிருக்குமாம். அந்தக் காலத்தில் அந்தப் பெயர் மேல் ஊருக்கே அப்படி ஒரு மோகம். பெண் பிறந்தால் எலீனெட். இன்னொரு பெண் பிறந்தால்தான் யோசிப்பார்கள்.

ஒரே பெயரில் இத்தனை பேர் இருந்தால் சண்டை வராமல் இருக்க எங்கள் பக்கம் பெயரோடு ஒரு ஒட்டும் சேர்த்து விடுவோம். தபால் எலீனெட், மேட்டு வீட்டு எலீனெட், மீன்கடை எலீனெட். தொழிலோ வீடோ கிடைக்காவிட்டால் ஆளிடம் இருக்கிற எதையாவது பிடித்துக்கொள்வோம். என் அப்பாவுக்குக் கத்தல் க்வின் என்று பெயர். அவர் தெருவில் காலை வணக்கம் சொன்னால் எதிர்மலையில் மேய்கிற ஆடுகள் நிமிர்ந்து பார்க்கும்.

நாலாவது ஆள் ரெண்டாம் எலீனெட். நான் சொல்ல வந்தது இவரைப் பற்றித்தான்.

வெளியூர்க்காரர்கள் யாராவது மளிகைக் கடையில் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "ரெண்டாவதுன்னா மொதலாவது எங்க?" என்பார்கள். கடைக்காரர் தலையைத் திருப்பாமல் பதில் சொல்வார்: "சேப்பல் பின்னாடி. செவுரு ஓரமா இருக்கா."

லெய்சா அம்மாளின் மூத்த பெண்ணுக்கு எலீனெட் என்று பெயர். ஆறு வயதில் தொண்டை அடைப்பான் வந்து ஒரு வாரத்தில் போய்விட்டாள். அடுத்து ஒரு பெண் பிறந்தது. அதே பெயரை வைத்தார்கள். இதில் யாருக்கும் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பல வீடுகளில் அப்படிச் செய்ததுண்டு. மூத்த பிள்ளை போட்ட நல்ல கோட்டு ஒன்றை யாராவது தூக்கி எறிவார்களா? அதுபோலத்தான் பெயரும் என்று நினைத்தார்கள்.

கோட்டும் இருந்தது. கருநீலம், வெல்வெட் கழுத்து. ரெண்டாவது எலீனெட்டுக்கு அளவு சரியாக வந்த வருடம் அதைப் போட்டுக்கொண்டுதான் சேப்பலுக்குப் போனாள். அடுத்த வருடம் கை நீளம் போதவில்லை. லெய்சா அம்மாள் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அத்தோடு அந்த வீட்டில் எல்லாம் நின்றுவிட்டது. ஆறு வயதுக்குப் பிறகு எலீனெட் எப்படி இருப்பாள் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரியாததால், அதற்கு மேல் எதையும் அவர் நடக்க விடவில்லை.

நான் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவ வேலைக்குச் சேர்ந்தபோது எலீனெட் அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. உருளைக்கிழங்கு மசிப்பதும் கஸ்டர்ட் கிண்டுவதும் அவர் வேலை. தலைமைச் சமையல்காரர் டிலிஸ். எனக்கு வேலை தொட்டியில். வாய்க்கு வேலை ஊரில் உள்ளவர்கள் போலப் பேசிக் காட்டுவது. தலைமையாசிரியர், போதகர், கிழங்கு கொண்டுவரும் ஆள், எல்லாரும் என் தொண்டையில் குடியிருந்தார்கள். டிலிஸ் சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிடுவார். எலீனெட் அக்கா மட்டும் முதலில் கதவைப் பார்ப்பார், பிறகுதான் சிரிப்பார்.

ஒரு அக்டோபரில் பள்ளி அடுப்பில் அவர் ஒரு கேக் வைத்திருந்தார்.

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். இன்னிக்குப் பொறந்தநாள்."

"சொல்லவே இல்லயே! ஆயுசு நூறு! இருங்க, போதகர் மாதிரி ஒரு ஆசீர்வாதம் பண்ணிடுறேன்."

"பண்ணாத. நான் பொறந்தது பிப்ரவரியில."

டிலிஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன ஒளர்ற?"

"அவ பொறந்ததுதான் அக்டோபர். வீட்ல அன்னிக்குத்தான் கேக்கு. நான் மெழுகுவத்திய ஊதணும்."

"பிப்ரவரியில?"

"பிப்ரவரியில மழை பெய்யும்" என்றார் அக்கா. கேக்கைத் திருப்பி வைத்தார்.

இப்படி ஒரு வீட்டில் ஒரு பெண் ஏன் இருக்க வேண்டும், கிளம்பிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனார். பஸ் ஏறினார். நான் பிறப்பதற்கு ரொம்பக் காலம் முன்பு நடந்தது. ஆனால் அன்று வண்டியை ஓட்டிய பஸ் வில் அதை எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார். நான் எல்லாக் கல்யாணத்திலும் பஸ் வில் போலச் சொல்லிக் காட்டுவேன்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. லிவர்பூலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. காலை பஸ்ஸில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். தெருவுக்கு எதிர்ப் பக்கம், மழையில், தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் லெய்சா அம்மாள் வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. வில் இன்ஜினை அணைத்தார்.

"எலீனெட் கண்ணு, அம்மா அங்க நிக்கிறாங்க."

"தெரியும், மாமா. வண்டிய எடுங்க."

"எடுக்கலாம். எடுக்குறதுக்கு என்ன. நனையிறாங்களே."

"நனையட்டும்."

"நெஞ்சுச் சளிக்காரங்க, கண்ணு."

பின்னாலிருந்து ஒரு அம்மாள்: "எனக்குப் பல் டாக்டர்ட்ட போகணும். ஆனா அவசரமில்லடா செல்லம். நீ நல்லா யோசி."

இன்னொருவர்: "பல்லு எங்க போயிடப் போகுது. நீ யோசிம்மா."

பஸ் முழுக்க அப்படியே காத்திருந்தது. யாரும் கைக்கடிகாரத்தைக் கூடப் பார்க்கவில்லை. கடைசியில் யாரோ எழுந்து மேலே இருந்த பெட்டியை அன்பாக எடுத்துக் கீழே நீட்டினார்கள். அக்கா அதற்குப் பிறகு இறங்கினார்.

கல்யாண வீட்டில் இந்த இடத்தில் எல்லாரும் கைதட்டிச் சிரிப்பார்கள். நானும் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "யாராவது ஒருத்தர் என்னத் திட்டிருந்தா உக்காந்திருப்பேன், மாரெத். எல்லாரும் அவ்வளவு நல்லவங்களா இருந்தாங்க. எறங்கத்தான் முடிஞ்சுது."

குருத்தோலை ஞாயிறு எங்களுக்குப் பூ ஞாயிறு. அதற்கு முந்தின நாள் ஊரே வாளியும் பிரஷ்ஷுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். பாசியைத் தேய்த்து, கல்லைக் கழுவி, மறுநாள் விடியும்போது சேப்பலின் பின்பக்கம் முழுக்க டாஃபடில் பூக்களால் மஞ்சளாக இருக்கும். எலீனெட் அக்கா தன் பெயரைத் தானே தேய்ப்பார். ஏழு வயதிலிருந்து அது அவர் பொறுப்பு. சிலேட்டுக் கல். முதலில் 'எலீனெட், அன்பு மகள், வயது ஆறு'. கீழே அப்பாவின் பெயர். அதற்கும் கீழே வழவழவென்று வெறும் கல், இன்னும் ரெண்டு பேருக்கு இடம்.

ஒரு வருடம் காமிராவோடு வந்த ஒரு வெள்ளை மழைக்கோட்டு ஆள், இங்கிலாந்துக்காரர், பக்கத்தில் வந்து நின்று அனுதாபமாகக் கேட்டார்.

"உங்களுக்கு வேண்டியவர்களா?"

"நான்தான்" என்றார் அக்கா, நிமிராமல்.

அந்த மனிதர் படம் எடுக்காமல் போய்விட்டார். கேட்டுக்கு வெளியே போகும் வரை ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அந்த நடையை நான் இன்னும் செய்து காட்டுவேன்.

போன வருடத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில், பள்ளிச் சமையலறைப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஹெலெத் வந்தாள். அக்காவின் தம்பி இட்வாலின் மகள், ரோட்ரியின் மனைவி. கீழ் வகுப்பு டீச்சர், வயிறு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. கையில் குழந்தைப் பெயர்ப் புத்தகம்.

"அத்தை! உக்காருங்க. உக்காந்தாதான் சொல்லுவேன்."

"கெழங்கு இருக்கு. நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"பொண்ணா பொறந்தா எலீனெட். முடிவு பண்ணியாச்சு. ரோட்ரிக்கும் சம்மதம்."

அக்கா மசித்துக்கொண்டிருந்தார்.

"வேற பேரா கெடைக்கல?" என்றார் டிலிஸ்.

"கர்ப்பிணிங்க வகுப்புல பாதிப் பேரு ஃபியோன்னு வெக்கப் போறாங்களாம். மீதிப் பேரு லவ்ரியாம். இந்தப் பேரை இப்ப யாருமே வெக்கிறதில்ல. பாருங்க, எந்த வருஷம் எத்தன பேருன்னு புத்தகத்துல கோடு போட்டுக் காட்டிருக்கு, மலை மாதிரி ஏறி அப்படியே எறங்கிடுச்சு. எறங்குனதுதான் அழகு. தனியாத் தெரியும். இருங்க, அர்த்தம் படிக்கிறேன். 'உருவம், பிம்பம், சாயல், வணங்கப்படும் சிலை.'"

"சாயலா?" என்றார் அக்கா. "யாரோட சாயல்?"

"அது போடல, அத்தை."

"போடமாட்டாங்க."

"இன்னும் இருக்கு. ரொம்பப் பழைய பேரு. ஒரு ராஜாவோட பொண்ணாம். கடவுளுக்கேன்னு இருந்தாளாம். ஒரு எளவரசன் கட்டுனா இவளத்தான் கட்டுவேன்னு நின்னானாம். இவ வீட்ட விட்டு ஓடிட்டா. ஒரு ஊர்ல வெரட்டி விட்டாங்க, இன்னொரு ஊருக்குப் போனா. அங்கயும் வெரட்டுனாங்க, அடுத்த ஊரு. கடைசியில ஒரு குன்று மேல அவன் புடிச்சிட்டான். தலைய வெட்டிட்டான். தலை உருண்ட எடத்துல ஊத்து பொங்கிச்சாம்!"

"மூணு ஊரு தாண்டினாளா?" அக்கா கேட்டார்.

"ஆமா."

"நடந்து போயிருப்பா. பஸ்ல ஏறியிருந்தா மொத ஊரக் கூடத் தாண்டிருக்க மாட்டா."

எனக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்து சோப்பு நுரை பறந்தது. ஹெலெத்தும் கல்யாண வீட்டில் சிரிப்பது போலவே சிரித்தாள். அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்காகத்தான் வெக்கிறேன். சந்தோஷமா?" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம், கண்ணு."

அவள் போன பிறகும் அக்கா மசிப்பதை நிறுத்தவில்லை. அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கிழங்கு கஞ்சியாகத்தான் போனது.

லெய்சா அம்மாளுக்கு அன்று சாயங்காலமே செய்தி போய்விட்டது. என்ன நடந்தது என்று அக்கா மறுநாள் சொன்னார். அந்த அம்மாள் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கருநீலக் கோட்டை எடுத்து, வெல்வெட் கழுத்தைப் பிரஷ்ஷால் நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

"அத எதுக்கும்மா எடுத்தீங்க? கொழந்தையே இன்னும் பொறக்கல."

"வளந்துடுவா. அவ சீக்கிரம் வளருற பிள்ள."

"எவ?"

"எலீனெட்டு" என்றாராம், இதில் என்ன கேள்வி என்பது போல.

அக்கா அதை என்னிடம் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. கோபமே இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவர் போலச் சொன்னார். "அந்தக் கொழந்தையையும் அதே கல்லு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துவாங்க, மாரெத். ஏழு வயசுல கையில பிரஷ்ஷக் குடுப்பாங்க. அது நடக்கக் கூடாது. நான் ஹெலெத்கிட்ட சொல்லணும்."

"சொல்லுங்க. அவ கேப்பா."

"எனக்காகத்தான் வெக்கிறேன்னு சொல்றா. வேணாம்னு எப்படிச் சொல்றது? எங்கம்மா வேற பக்கத்துலயே இருப்பாங்க."

"அப்ப பழகிக்குவோம். நான் உங்கம்மா. ஆரம்பிங்க."

தாடையைக் கீழே இறக்கி, மூச்சை இழுத்து, லெய்சா அம்மாளின் குரலை எடுத்தேன். அந்தக் குரல் உரக்க வராது. தேவையும் இருந்ததில்லை. "எலீனெட்டு… பின்கதவு தொறந்து கெடக்கு போல. காத்து வருதே."

அக்கா எழுந்து போய்க் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. டிலிஸ் வெடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். அப்புறம் மூன்று பேருக்கும் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"சரி, இப்ப நான் ஹெலெத். 'அத்தை! சந்தோஷமா?'"

"ரொம்ப சந்தோஷம், கண்ணு."

"அக்கா!"

"வாயத் தொறந்தா அதான் வருது. நான் என்ன பண்ண?"

குளிர்காலம் முழுக்க, மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையில் வருவதற்கு முன்னால் இருக்கும் கொஞ்ச நேரத்தில், நாங்கள் இதையே செய்தோம். நான் அம்மாவாக, ஹெலெத்தாக, போதகராக மாறி மாறிக் கேட்டேன். போதகரிடம் மட்டும் அக்கா ஒரு தடவை "வேண்டாங்கய்யா" வரைக்கும் போனார். உடனே மன்னிப்பும் கேட்டார்.

ஒரு தடவை வெறுத்துப்போய், "இப்ப நான் யாரும் இல்ல. மாரெத்தாவே கேக்குறேன். ஏன் வேணாம்? அந்தப் பேரு மேல அவ்வளவு வெறுப்பா?" என்றேன்.

அக்கா கரண்டியை ஓரமாக வைத்தார். "வெறுப்புன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். மேற்கொண்டு சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

மார்ச் தொடக்கத்தில் ஹெலெத்துக்குப் பெண் பிறந்தது. ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின ஞாயிறு பூ ஞாயிறு.

வழக்கமாக முந்தின நாளே கழுவிவிடும் அக்காவை, அந்த வருடம் லெய்சா அம்மாள் போகவிடவில்லை. ஞாயிறு அன்று எல்லாரும் சேர்ந்துதான் போக வேண்டும், குழந்தை கூட இருக்க வேண்டும் என்றுவிட்டார். காலை ஆராதனைக்குப் பிறகு ஈரச் சரளைக் கல்லில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். கைப்பிடியில் வாளி தொங்கியது. ஹெலெத் குழந்தையைச் சால்வையால் தன் உடம்போடு சேர்த்துச் சுற்றியிருந்தாள். நான் எங்கள் வீட்டுக் கல்லுக்குப் பூ வைக்க வந்தவள். ரெண்டு கல் தள்ளி, எல்லாம் கேட்கிற தூரத்தில் இருந்தேன். அதை மறைக்கவும் இல்லை.

அக்கா முழங்கால் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

"குடு இங்க" என்று லெய்சா அம்மாள் கையை நீட்டினார். ஹெலெத் சால்வையை அவிழ்த்துக் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அவர் அதன் முகத்தைக் கல் பக்கம் திருப்பினார். "பாரு. பாத்தியா? உன் பேருதான். எவ்வளவு அழகா வெட்டிருக்கான் பாரு."

"பாட்டி, அவளுக்குக் கண்ணே இன்னும் சரியாத் தெரியாது."

"தெரியும். அவளுக்கு எல்லாம் தெரியும். அக்டோபர்ல கேக்கு வெட்டலாம், என்ன? இவ ஊதி ஊதி எனக்கும் அலுத்துப்போச்சு. இனிமே சின்ன வாயி ஊதட்டும்."

"இவ பொறந்தது மார்ச்சுல, பாட்டி."

"அதெல்லாம் பழகிடும். இவளும் பிப்ரவரிதான்." லெய்சா அம்மாள் தாடையால் அக்காவைக் காட்டினார். "பழகலயா?"

ஹெலெத் சிரித்தபடியே அத்தையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அத்தை, உங்க பொறந்தநாள் அக்டோபர் இல்லயா? நான் சின்னதுலேர்ந்து அக்டோபர்லதான கார்டு குடுக்குறேன்?"

பிரஷ் நின்றது. எழுத்துகளுக்குள் இருந்த பாசி பாதி போயிருந்தது, பாதி போகவில்லை.

"நல்ல கார்டுங்க, கண்ணு. எல்லாத்தையும் வெச்சிருக்கேன்" என்றார் அக்கா. "ஆனா நான் பொறந்தது பிப்ரவரி."

"ஏன் சொல்லல?"

நாங்கள் பழகிய வாக்கியங்கள் ஒன்று கூட அக்கா வாயில் வரவில்லை. இதோ, "ரொம்ப சந்தோஷம்" வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஹெலெத்" என்றார் அக்கா. "அந்தப் பேரு காலியா இல்ல."

"என்ன அத்தை?"

"அதுல ஆள் இருக்கு. நான் இருக்கேன். இன்னும் அதுல சரியா இருந்தே பாக்கல. எனக்கு வேணும். இப்பவே வாங்கி வேற ஒருத்திக்குக் குடுத்துடாத."

எங்கள் கல்லறைத் தோட்டம் சத்தமான இடம். காக்கா, ஆடு, கீழ்த் தெருவில் வண்டி. அன்றைக்கும் எல்லாம் இருந்திருக்கும். எனக்கு எதுவும் கேட்டதாக நினைவில்லை.

லெய்சா அம்மாள்தான் முதலில் பேசினார், வழக்கமான அதே குரலில். "எந்திரி எலீனெட்டு. முழங்கால் நனையுது."

"நனையட்டும்மா."

அக்கா எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஈர மண்ணில் முழங்கால் போட்டபடி, அம்மா எழுந்திருக்கச் சொல்லியும் எழுந்திருக்காமல் இருந்தார். பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. குளிர்காலம் முழுக்கக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவரைத் தெரிந்த எனக்கு, டாஃபடில் கட்டு கையிலிருந்து நழுவியது.

ஹெலெத் குனிந்து குழந்தையை எடுத்தாள். மெதுவாக, மறுபடி சால்வைக்குள் சுற்றிக்கொண்டாள். "சரி அத்தை" என்றாள். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாரந்தான் இருக்கு. ரோட்ரி என்னக் கொல்லப் போறாரு" என்றாள்.

லெய்சா அம்மாளின் மடி காலியாக இருந்தது. கையை இன்னும் ஏந்தினாற்போலவே வைத்திருந்தார். அவர் பேசியது எங்கள் யாரிடமும் இல்லை. "அந்தப் பேரக் கூப்புட்டுக் கூப்புட்டு வாய் பழகிடுச்சு. கூப்புட ஆள் இல்லாம ஒரு வருஷம் இருந்தேன். அது போதும்னு ஆயிடுச்சு."

அந்த அம்மாளை என் கச்சேரியில் நான் கெட்டவராகத்தான் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். அன்றோடு அந்தக் குரலை நிறுத்திவிட்டேன். அது எனக்குச் சரியாக வரவே இல்லை என்று தெரிந்தது.

ஈஸ்டர் அன்று குழந்தைக்கு டெஸ்னி என்று பெயர் வைத்தார்கள். வெயிலின் வெதுவெதுப்பு என்று அர்த்தம். வெளியே மழை கொட்டியது. போதகர் நெற்றியில் தண்ணீர் தொட்டுப் பெயரைச் சொன்னதும், முன்வரிசையிலிருந்து லெய்சா அம்மாள், "யாரு?" என்று சேப்பல் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்னும் நான் செய்து காட்டுவதுண்டு.

இத்தோடு எலீனெட் அக்கா விடுபட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வீடு அதே வீடு. அம்மா ஒரு மாதம் பேசவில்லை. தேவையானதைக் கைத்தடியால் தரையில் தட்டியே சொன்னார். ஒரு தட்டு என்றால் தேநீர், ரெண்டு தட்டு என்றால் திரைச்சீலை. அக்கா தேநீர் போட்டார், திரைச்சீலையை இழுத்தார். காலையில் அம்மாவுக்கு உடுத்திவிட்டு வேலைக்கு வந்தார், சாயங்காலம் திரும்பிப் போனார். பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் அந்த வழி. அவர் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. கோட்டு பெட்டிக்குள் திரும்பிப் போனது. கல்லில் அந்த ரெண்டு பேருக்கான இடம் அப்படியேதான் இருக்கிறது.

"போயிடுங்கக்கா. இப்பவாச்சும் எங்கயாவது" என்று ஒரு தடவை சொன்னேன்.

"அவங்களுக்கு ஜாக்கெட் பொத்தானு போட வராது" என்றார்.

அக்டோபர் வந்தது. அக்கா கேக் செய்தார். மெழுகுவர்த்தி ஏற்றி அம்மா முன்னால் வைத்தார்.

"ஊது" என்றாராம் லெய்சா அம்மாள்.

"நீங்க ஊதுங்கம்மா. இது அவளோடது."

ரெண்டு பேரும் ஊதவில்லை. மெழுகு உருகி மேல் பூச்சில் ஒழுகி, தானாக அணைந்ததாம். மறுநாள் மேல்பாகத்தைச் சுரண்டிவிட்டு எங்களுக்குக் கொண்டுவந்தார். நல்ல கேக். கொஞ்சம் மெழுகு வாசனை.

இந்த பிப்ரவரியில் அக்கா எங்களிடம் எதுவும் சொல்லாமல் இன்னொரு கேக் செய்தார். அவருக்கென்று அவரே செய்த முதல் கேக். பதற்றத்தில் அடுப்பில் கூடுதலாக விட்டுவிட்டார், ஓரம் கறுத்துவிட்டது. ஹெலெத் கார்டு அனுப்பியிருந்தாள். டெஸ்னியின் உள்ளங்கையைச் சாயத்தில் முக்கி அழுத்தியிருந்தார்கள். மழை. கேக்கை நனையாமல் கொண்டுபோக நான் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

லெய்சா அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்தார்.

"என்ன இது?"

"கேக்கும்மா."

"என்ன விசேஷம்? அக்டோபருக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கே."

"எனக்குப் பொறந்தநாள்."

மழை ஜன்னலில் அடித்தது. நான் குடையை மடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். அக்கா ஒரு துண்டு வெட்டி அம்மாவின் தட்டில் வைத்தார். தனக்கு ஒன்று வெட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். லெய்சா அம்மாள் தட்டைத் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"காஞ்சு கெடக்கு" என்றார்.

"ஆமாம்மா."

"அவ கேக்கு இதவிட நல்லாருக்கும்."

அக்கா மெல்வதை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். அந்த வாயிலிருந்து அவள் ஒருத்தி, இவள் ஒருத்தி என்று பிரிந்து வந்ததை அவர் ஆயுளில் அன்றுதான் கேட்டிருக்க வேண்டும். கத்தியை எடுத்து, தனக்கு இன்னொரு துண்டு, முதல் துண்டைவிடப் பெரியதாக, வெட்டிக்கொண்டார்.